கரண்டியில் மிஞ்சிய வெள்ளை

என் வடிகட்டியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது நான் இல்லை, அப்பாதான்.

"என்ர மகள் கஜேந்தினி மெசின் ஒண்டு செய்யிறாள். இனி வயல் கிணத்துத் தண்ணியையே வடிச்சுக் குடிப்பன்!"

ஸ்கந்தபுரத்தில் இதைக் கேட்காத ஆள் இல்லை. எங்கள் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். கிணற்றுத் தண்ணீரைத் தொடக்கூடாது, சந்திக் கடையில் விற்கும் சுத்திகரித்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கிளினிக் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் அதைத்தான் குடிப்பார். வயலில்? "தண்ணிக் கானை ஆர் சைக்கிளில காவுறது? குழிக்குக் குழி விழுந்து உருளுது" என்பார். தாகம் எடுத்தால் கிணற்றுத் தண்ணீர்தான். கேட்டால் சிரித்து மழுப்புவார். எனக்குப் பயமாக இருக்கும்.

அதனால்தான் பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு இந்த வடிகட்டியைச் செய்தேன். ஐந்து லீற்றர் கானை வெட்டி, உள்ளே பஞ்சு, சிரட்டைக் கரி, மணல், சல்லிக்கல். சைக்கிள் கரியரில் ஆடாமல் நிற்க, பலகைத் துண்டுகளாலும் பழைய புத்தகப் பையின் பட்டியாலும் ஒரு கூடு. கலங்கல் தண்ணீரை ஊற்றினால் தெளிவாக விழுந்தது. தம்பி சுமன் கைதட்டினான்.

கண்காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் ஒரே ஒரு சோதனை மிச்சம். "ஒரு கரண்டி தண்ணியை வத்தவிட்டு, என்ன மிஞ்சுதெண்டு பாரும்" என்று அருந்ததி ரீச்சர் சொல்லியிருந்தா. 'ஒன்றும் மிஞ்சவில்லை' என்று கண்காட்சி அட்டையில் முதலே எழுதிவிட்டுத்தான் கரண்டியை அடுப்பில் பிடித்தேன். அவ்வளவு நம்பிக்கை!

வெள்ளைப் பொருக்கு மிஞ்சியது. தண்ணீர் கொதிக்கவைக்கும் எங்கள் கேத்திலுக்குள் படிந்திருக்கும் அதே வெள்ளை.

கரண்டியில்தான் பிழை என்று தேய்த்துக் கழுவினேன். மறுபடியும் வெள்ளை. வடிக்காத தண்ணீரையும் இன்னொரு கரண்டியில் வற்றவிட்டுப் பார்த்தேன். வெள்ளையில் ஒரு வித்தியாசமும் இல்லை. சேறு மட்டும்தான் போயிருக்கிறது. கரைந்திருப்பது அப்படியே இருக்கிறது. மூன்று கிழமை வேலை பாழ்!

முற்றத்தில் அப்பாவின் குரல் கேட்டது. "எங்க, என்ர மெசின் தண்ணியை ஒருக்காக் குடிச்சுப் பாப்பம்."

ஓடினேன். வடித்த தண்ணீர்ப் பேணி அவர் வாய்க்குக் கிட்டப் போய்விட்டது.

"குடிக்காதேங்கோ அப்பா!"

"ஏன் பிள்ளை? பளிங்கு மாதிரி இருக்கு."

"தெளிஞ்ச தண்ணிதான். நல்ல தண்ணி இல்லை. என்னால ஏலாமப் போச்சு, அப்பா."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அப்பா பேணியைக் கீழே வைத்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் அழுகை வந்தது.

மறுநாள் அட்டையில் எழுதியதைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, 'வெள்ளை மிஞ்சியது. இதைக் குடிக்கக் கூடாது' என்று எழுதினேன். இரண்டு கரண்டிகளையும் பக்கத்தில் வைத்தேன்.

"குடிக்கேலாத தண்ணிக்கு ஏன் வடிகட்டி?" என்று ஒரு நடுவர் கேட்டார். பரிசு என் வகுப்பு நிருஷன் செய்த எரிமலைக்குப் போனது. "உள்ளதை எழுதியிருக்கிறீர்" என்று ரீச்சர் முதுகில் தட்டினா. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அப்பா நாளைக்கும் கிணற்றுத் தண்ணீர்தானே குடிக்கப் போகிறார்!

அழுதுகொண்டே சைக்கிளை மிதித்தேன். வீட்டு வாசலில் இறங்கி, கரியரில் இருந்த வடிகட்டியைப் பிடுங்கி எறியப் போனேன். வரவில்லை. இழுத்தேன். கூடு அசையவே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. வந்த பாதை முழுக்கக் குழி. வடிகட்டி ஒரு இடத்திலும் உருளவில்லையே!

மணலும் கரியும் மாமரத்தடிக்குப் போயின. வெட்டாத புதுக் கானைக் கூட்டுக்குள் வைத்து, சந்திக் கடைக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தேன். விடிய, அப்பாவின் சைக்கிளில் கூட்டை இறுக்கிக் கட்டிவிட்டேன். அவருடைய சிறுநீரக வருத்தத்தை இது மாற்றாது. அது எனக்குத் தெரியும்.

பின்னேரம் அப்பா வந்ததும் ஓடிப்போய்க் கானைத் தூக்கினேன். பாரமே இல்லை.

"ஊத்துப்பட்டுட்டுதோ அப்பா?"

"ஒரு சொட்டும் ஊத்துப்படேல்லை. முழுக்க நான்தான் குடிச்சனான். வயலில எல்லாரும் கேட்டவை, இதென்ன மெசின் எண்டு!"

வெறும் கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அடுத்த தண்ணீர் நிரப்ப நான் சந்திக்கு ஓடினேன்.