வெளியே தொங்கிய மூக்கு

எங்கள் வீட்டுக்குள் ஒரு மூன்று மாடி வீடு இருக்கிறது. அண்ணன் தன் அறையில் மூன்று கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறான். மேல்மாடியில் சோம்பேறி என்ற பாலைவன ஓணான். நடுமாடியில் புள்ளி என்ற பல்லி. கீழ்மாடியில் ரிப்பன். ரிப்பன் ஒரு பாம்பு. விஷம் கிடையாது, பரம சாது.

ஒவ்வொரு மாடியின் கூரையிலும் ஒரு சூடு விளக்கு உண்டு. கீழ்வீட்டு விளக்கு அதிக நேரம் எரிந்தால் மேல்வீட்டுத் தரையும் சுடும். அதைத் தடுக்க ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து ஓர் ஒயர் முன்கதவு இடுக்கு வழியாகக் கண்ணாடிக்குள் போகும். ஒயரின் நுனியில் இருக்கும் குமிழ்தான் உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்துச் சொல்லும். போதும் என்று அது சொன்னால் விளக்கு அணைந்துவிடும். அந்தக் குமிழுக்கு அண்ணன் வைத்த பெயர் மூக்கு.

"வாண்டு, எதை வேணா தொடு. மூக்கை மட்டும் தொடாத" என்பான்.

தொட்டேன்.

அன்று சனிக்கிழமை. அண்ணன் கால்பந்துப் பயிற்சிக்குப் போயிருந்தான். எங்கள் வீட்டில் பாம்பு இருக்கிறது என்று சொன்னால் என் வகுப்பில் யாருமே நம்புவதில்லை. "கதை விடாத" என்று சிரிப்பார்கள். அம்மாவின் போனில் ஒரு போட்டோ எடுத்துக் காட்டிவிட்டால் எல்லார் வாயும் அடைத்துவிடும் என்று நினைத்தேன்.

ஆனால் ரிப்பனின் முகத்துக்குக் குறுக்கே அந்த ஒயர். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. மூக்கை உள்ளே ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்து, அதை வெளியே தொங்கவிட்டேன். போட்டோ பிரமாதமாக வந்தது. அதைப் பார்த்துப் பூரித்தபடியே கூடத்துக்குப் போய்விட்டேன். மூக்கை மறந்தே போனேன்.

மின்விசிறிக் காற்றில் தொங்கிய மூக்குக்குக் கண்ணாடிக்குள் நடப்பது என்ன தெரியும்? சூடு பத்தலை, பத்தலை என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. விளக்கு அணையவே இல்லை.

சாயங்காலம் பென்சில் தேடி உள்ளே போனேன். ரிப்பன் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடந்தது. நடுமாடியில் புள்ளி, தரையில் கால் வைக்க முடியாமல், ஒரு கல்லின்மேல் ஏறி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. விளக்கை அணைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மூக்கை உள்ளே திணித்து, பழைய டேப்பையே அழுத்தி ஒட்டிவிட்டு, அப்புறம்தான் "அம்மா!" என்று கத்தினேன்.

அதே நேரம் அண்ணனும் வந்துவிட்டான். பெட்டிகளின் கதவுகளை எல்லாம் திறந்து விட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். ஒரு மணி நேரம் கழித்துப் புள்ளி வாயை மூடியது. ரிப்பனும் தொட்டியை விட்டு வெளியே வந்தது. அதற்குள் அந்த டேப் பிரிந்து, மூக்கு ஒரு மூலையில் விழுந்து கிடந்தது.

"காலையில சுத்தம் பண்ணிட்டு நான்தான் சரியா ஒட்டலை போல" என்றான் அண்ணன்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "உயிரோட விளையாடுற வேலையா இது? நாளைக்கே மூணையும் கடைக்காரர்கிட்ட திருப்பிக் குடுத்துடு. சின்னவளுக்கு இருக்குற பொறுப்புகூட உனக்கு இல்லையே!"

"ஆமாம்மா. வாண்டு மட்டும் பார்க்கலைன்னா புள்ளி போயிருக்கும்" என்றான் அண்ணன். அன்று ராத்திரி தன் பங்கு ஐஸ்கிரீமையும் என் கிண்ணத்தில் போட்டான்.

பாதிக்குமேல் என்னால் சாப்பிட முடியவில்லை. தப்பு செய்ததைவிட, அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு நின்றதுதான் அதிக வெட்கமாக இருந்தது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் மூன்று அட்டைப்பெட்டிகளில் காற்றுக்காக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். புள்ளியின் பெட்டியில் தன் பழைய பனியனை மடித்து வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அழறியா அண்ணா?"

"சளி."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணா, மூக்கை வெளிய எடுத்தது நான்தான்" என்று சொல்லி, போட்டோவைக் காட்டினேன். அதில் ஒயர் இல்லை.

அண்ணன் போனை வாங்கி, போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"நேத்து பூரா வாயே தொறக்கலையே நீ?"

"ம்."

"என் ஐஸ்கிரீமை வேற சாப்பிட்டியே!"

"பாதிதான்."

அம்மாவிடமும் நானே போய்ச் சொன்னேன். சொல்லும்போது என் கண் தரையை விட்டு எழவே இல்லை. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "உன்னைப் போய் பொறுப்புன்னு சொன்னேன் பாரு" என்றார். பிறகு அண்ணனிடம் வந்து, "என்ன ஏதுன்னு கேக்காம உன்னைத் திட்டிட்டேன்டா. அந்தப் பெட்டியெல்லாம் எடுத்து உள்ள வை" என்றார்.

எனக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு ரிப்பனின் கழிவை அள்ளும் வேலை. சரி என்றேன். வகுப்பில் காட்டாமலே போட்டோவை அழித்தேன்.

"அண்ணா, ஒயர் முன்னாடி இருக்குறதாலதானே கை போகுது? பின்னாடி இருக்குற காத்து ஓட்டை வழியா விட்டா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அண்ணன் குனிந்து பார்த்தான். "அட, ஆமால்ல!" என்றான்.

மத்தியானமே மூன்று ஒயர்களையும் பின்பக்கம் மாற்றினோம். அண்ணன் புது டேப்பை என் கையில் கொடுத்தான்.

"மூக்கை ஒட்டு."

"நானா?"

"நீதான்."

ஒட்டினேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். அதற்கப்புறமும் ஒரு முறை.

"போதும் வாண்டு, நீயே பிய்ச்சிடுவ போல இருக்கே!" என்று சிரித்தான் அண்ணன்.