மீன்கள் விலகிய இடம்

புதுத் தொட்டியின் இடது பக்கத்துக்கு மட்டும் மீன்கள் போகவே இல்லை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது இடம், புதுத் தண்ணீர், பழகட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் வாரம் ஒன்று கழிந்தும் ஆறடி நீளத் தொட்டியில் முழ அகலத்துக்கு ஓர் இடம் வெறுமனே கிடந்தது. செடி அங்கேதான் அடர்ந்திருந்தது. விளக்கொளியும் அங்கேதான் மென்மையாக விழுந்தது. நியான் டெட்ரா மீன்கள் நீலக் கோடு மின்ன மொத்தமாக வரும். அந்த இடத்தின் ஓரத்தைத் தொட்டதும் ஒரே உடம்பு போலத் திரும்பிப் போய்விடும். தூவிய தீனி அந்தப் பக்கம் மிதந்து போனால் பசியோடு பார்த்துக்கொண்டு நிற்குமே தவிர, பின்னால் போகாது. மேல்மட்டத்தில் ராஸ்போரா மீன்கள் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் போய்வந்தன.

ஃபில்டரின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். ஹீட்டரை எதிர்மூலைக்கு மாற்றினாள். தண்ணீரைச் சோதித்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது.

அந்தத் தொட்டி குட்டி கேட்டது. அவளுக்கும் கணவனுக்கும் ஒரே மகள். பழைய சின்னத் தொட்டியின் கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு நின்று, "இதுங்க தனித்தனியா சுத்துதும்மா. எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்துல திரும்புமே, அந்த மீன் வேணும்" என்று நச்சரித்தவள். அவள் நின்றால் கண்மட்டத்துக்கு இருக்கும்படி தாழ்வான மேசை செய்யச் சொல்லி அப்பா ஆர்டர் கொடுத்தார். தொட்டி வந்து இறங்கியபோது குட்டி காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அங்கிருந்து திரும்பி வரவில்லை.

பல மாதம் தொட்டி போர்வை மூடியே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போர்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "வா, மீன் வாங்கிட்டு வரலாம். பாப்பாகிட்ட சொன்னோமில்ல" என்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கடைக்காரருக்கு முழங்கை வரை எப்போதும் ஈரம். பேச்சு மட்டும் காயாது. கணவன் ஏஞ்சல் மீனைக் கை காட்டியதும், வேண்டாம் என்று கடைக்காரர் தலையை ஆட்டினார்.

"பார்க்கத்தான் சாது சார். வளர்ந்துட்டா நியானை நொறுக்குத்தீனி மாதிரி உள்ள தள்ளிடும்."

"அந்த வரி போட்டது?"

"டைகர் பார்ப். கடைசி பெஞ்சு பசங்க மாதிரி. சும்மாவே இருக்காது, பக்கத்துல இருக்கறதைக் கிள்ளிக்கிட்டே இருக்கும். பெரிய தொட்டின்னு சொல்றீங்க. நடுவுல நியான், மேல ராஸ்போரா, தரையில கோரி. ஒண்ணோட வழியில ஒண்ணு வராது. ஆனா ஒவ்வொண்ணும் கும்பலா எடுங்க. நாலஞ்சு மட்டும் விட்டீங்கன்னா பயத்துலயே செத்துடும்."

வலையை நீரில் விட்டபடி, "யாருக்கு, குழந்தைக்கா?" என்று கேட்டார்.

அவள் கணவனைப் பார்த்தாள். "ஆமா" என்றார் அவர்.

அவள் வேலை காது கேட்கும் கருவி பொருத்துவது. நாள் முழுக்க அமைதியான ஓர் அறையில் உட்கார்ந்து, அடுத்தவர் காதுக்குள் எந்தச் சத்தம் போகிறது, எது போகவில்லை என்று பார்ப்பவள். அதனால்தான் அந்த மழைச் சாயங்காலம் மற்றவர் காதில் விழாதது அவள் காதில் விழுந்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து அவர் இன்னும் வரவில்லை. ஜன்னலில் மழை. ஈரத் துணியின் வாடை. தொட்டியின் காற்றுக் குழாயின் மெல்லிய "ஸ்ஸ்" சீராக ஓடிக்கொண்டிருந்தது, சோபாவில் சாய்ந்தபடி அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள், அப்போது அதன் மேல்சுருதி மட்டும் மழுங்கியது. குழாய்க்கும் அவளுக்கும் நடுவே யாரோ வந்து நின்றது போல.

தொட்டியைப் பார்த்தாள். காலியிடம் நகர்ந்துகொண்டிருந்தது.

இடது மூலையிலிருந்து மெதுவாக நடுவுக்கு. அது வர வர மீன்கள் வழிவிட்டு ஒதுங்கின. நடுவில் நின்றது. தாழ்வான அந்த மேசை முன்னால், ஒரு சின்னப் பெண் நின்றால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு, நீர் வெறிச்சோடியது.

"குட்டி?" என்றாள்.

காலியிடம் அசையவில்லை. அவள் அழுதாள், சிரித்தாள், தரையில் தவழ்ந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கே காற்று சில்லென்று இருந்தது.

அதன்பிறகு வேலை முடிந்ததும் ஓடி வந்துவிடுவாள். விளக்கைப் போடாமல் தொட்டி வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசுவாள். பள்ளிக்கூட வேன்காரர் விசாரித்ததை, பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குப் பல் விழுந்ததை. சாப்பாடு மறந்துபோனது. கணவனிடம் காட்டினாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மீன் இன்னும் பழகலைம்மா. அவ்வளவுதான்."

"நகருதுங்க. பாருங்க."

"எனக்கும் அவ வேணும்" என்றார். "தினமும் லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ள நிப்பாளான்னு பார்க்கறேன். ஆனா அவ இல்லை." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சத்தத்துக்கு அடியில் அவர் அழுவது அவளுக்குத் தெளிவாகவே கேட்டது.

தீனி தீர்ந்துபோனதால் மீன் கடைக்குப் போனாள். பேச்சோடு பேச்சாக, மீன்கள் ஒட்டி ஒட்டியே நிற்பதைச் சொன்னாள்.

கடைக்காரர் முகம் மாறியது. "ஒட்டி நிக்குதா? நிம்மதியா இருந்தா பரவி நீந்தும் மேடம். எதையாவது பார்த்து மிரண்டாத்தான் அப்படி ஒட்டும். வீட்ல பூனை இருக்கா?"

"இல்ல. குழந்தை... குழந்தை பக்கத்துல நின்னா?"

"குழந்தை நின்னா ஓடியில்ல வரும்? தீனி வருதுன்னு மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும். குழந்தைக்குப் பயப்படற மீனை நான் பார்த்ததே இல்ல."

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பழைய தொட்டி ஞாபகம் வந்தது. குட்டி விரலை வைத்தால் மீன்கள் அந்த விரலை மொய்க்கும். அவள் எந்த மீனையும் மிரட்டியதில்லை. மிரட்டத் தெரியாது.

அப்படியானால் இத்தனை நாளும் யாரிடம் பேசினோம்?

கதவைத் திறந்தாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கூடத்தில் தொட்டி வெளிச்சம் மட்டும். பழைய தண்ணீரின் வாடை, பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் அடிக்குமே அந்த வாடை, வாசல் வரை வந்திருந்தது. திரும்பிப் போய்விடலாம். படியிறங்கி, கணவன் வரும்வரை தெருவில் நிற்கலாம். கால் வாசலிலேயே நின்றது.

ஆனால் இந்த வீட்டில் அவள் வருகைக்காகக் காத்திருந்தது அது ஒன்றுதான்.

உள்ளே போனாள். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

நியான்கள், ராஸ்போராக்கள், தரையை விட்டு எழும்பாத கோரிகள், எல்லாமே வலது கோடியில் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருண்டு கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தன. மற்ற இடமெல்லாம் வெறும் தண்ணீர். அடியிலிருந்து மேல்மட்டம் வரை.

ஃபில்டர் சத்தம் மழுங்கியது. பின் காற்றுக் குழாய். பின் தெருவின் சத்தம் முழுவதும், பஞ்சு வைத்து அடைத்தது போல.

"நீ என் குட்டி இல்ல" என்றாள். "தெரியும் எனக்கு."

போகச் சொல்ல வாய் திறந்தாள். சொல் வரவில்லை. போய்விட்டால்? இருட்டில் இந்தத் தொட்டி. இந்த மீன்கள். வேறு யாரும் இல்லாத கூடம்.

"அம்மா."

குட்டியின் குரல். அப்படியே. தூக்கம் கலைந்த குரல்.

வந்தது விட்டத்துக்குப் பக்கத்திலிருந்து.

அவள் மேலே பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கன்னத்தில் நீர் வழிந்தது. சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"வாம்மா" என்றாள்.

சோபா அமிழ்ந்தது. இன்னும் அமிழ்ந்தது. அதன் அடிச்சட்டம் முறிந்தது.

அவள் அதன் தோளைச் சுற்றிக் கையைப் போட்டாள். கை எட்டவில்லை.