கண்சாட்சி மருதவாணன்

தென்காசி மாவட்டம் தோன்றிய நாள்முதல் அங்கே ஒரு பொய்கூடச் சொல்லாமல் வளர்ந்த ஒரே மனிதன் தான்தான் என்று மருதவாணன் அறிவித்தபோது, அவனுடைய இரண்டு கண்களிலும் சொட்டுமருந்து வழிந்துகொண்டிருந்தது. தென்துருவக் கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்த கண்கழுவு அறை அது. சாட்சிகள் மூவரும் தினமும் காபிக்கு முன்னால் அங்கே வந்து கண்ணைக் கழுவி, சுவரில் உள்ள எழுத்துகளைப் படித்துக் காட்ட வேண்டும். செல்போன், கேமரா எல்லாவற்றையும் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"சின்னப் புள்ளையிலயும் சொன்னதில்லையா?" என்று கேட்டார் கஸ்ஸாலி பாய். காயல்பட்டினத்தில் அத்தர் கடை வைத்திருப்பவர்.

"தொட்டில்லயே பசிச்சாத்தான் அழுவேன்னு எங்கம்மா சொல்லும், பாய்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மருதவாணன் பட்டிமன்றப் பேச்சாளன். வாய்மை அணி என்றால் தலைவர் நாற்காலி அவனுக்குத்தான். எதிரணியில் உட்கார்ந்து ஜெயித்ததும் உண்டு. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூலை நாற்காலியில் மூன்றாவது சாட்சி டாக்டர் ஜெபசீலி கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாகர்கோவிலில் பல் வைத்தியர். குலுக்கலில் அவர் பெயர் விழுந்தது இது இரண்டாவது முறை. "நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். சந்தேகம் இல்லை."

"என்ன டாக்டரம்மா, பத்தாங்கிளாஸ் பரீட்சையா? பாக்காத பறவைக்கு இப்பவே நெட்டுரு போடுதீங்க."

"பாத்தா திக்காம சொல்லணும்லா, தம்பி."

"பாத்தவனுக்கு எதுக்கு மனப்பாடம்? உண்மை தானா வாயில வரும். மனப்பாடம் பண்ணும்போதே அவன் பாதிப் பொய்யன்."

டாக்டரின் உதடுகள் நின்றுவிட்டன. மருதவாணன் அடுத்த கண்ணுக்கு மருந்து ஊற்றிக்கொண்டான்.

படங்கள் செத்துப்போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. கடைசியாக ஒரு வழக்கில், பனிக்கரையைக் காக்க வந்த தரப்பு இரண்டு லட்சம் பென்குயின்களைப் படம்பிடித்துக் காட்டியது. சுரங்கம் தோண்ட வந்த தரப்பு அதே பாறையில் இரண்டு லட்சம் ஒட்டகங்களைக் காட்டியது. இரண்டும் உண்மை போலவே இருந்தன. ஒட்டகங்கள் கொஞ்சம் கூடுதலாகவே. நீதிபதிகள் அன்றோடு படம் பார்ப்பதை நிறுத்தினார்கள். கண்சாட்சி ஆணையம் பிறந்தது. ஒவ்வொரு விரிகுடாவுக்கும் குலுக்கலில் மூன்று பேர். மூவரும் உயிருள்ள விலங்கை நேரில் பார்த்ததாகத் தனித்தனியாகச் சத்தியம் செய்தால் அந்தக் குடாவை யாரும் தொட முடியாது. ஒருவர் தயங்கினாலும் மறுவாரம் தோண்டு இயந்திரம் வந்து நிற்கும். தடம், எச்சம், அடுத்தவர் சொன்னது எதுவும் சாட்சியாகாது.

மேல்தளத்தில் காசு கட்டி வந்த பயணிகள் இருந்தார்கள். அவர்கள் துடுப்புப் படகில் பனிப்பாறைகளைச் சுற்றினார்கள். பனியில் கூடாரம் போட்டுப் படுத்தார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உறைநீரில் குதித்து, குதித்ததற்குச் சான்றிதழ் வாங்கினார்கள். அவர்களுக்காகக் காலையும் மாலையும் வெறும் ஒளியால் ஆன பென்குயின்கள் வரும். சொன்ன நேரத்துக்கு வந்து, கூட நின்று படத்துக்குச் சிரிக்கும். மூக்குக்குக் குறை வைக்கக் கூடாதென்று மீன் வாசனையும் தெளித்தார்கள்.

அன்று ரப்பர் படகு சாட்சிகள் மூவரையும் ஒரு கூழாங்கல் கரையில் இறக்கிவிட்டுத் தள்ளிப்போய் நின்றது. விதிகளை வழிகாட்டிப் பெண் காதில் மாட்டிய மொழிபெயர்ப்புக் கருவி வழியாக மறுபடி ஓதினாள்: விலங்கு வந்தால் பேசக் கூடாது, கை நீட்டக் கூடாது, இடம் மாறக் கூடாது. இந்தக் குடாவுக்கு இன்று ஒரு நாள்தான்.

பிற்பகல்வரை மூடுபனியைத் தவிர எதுவும் வரவில்லை. கல்லில் உட்கார்ந்திருந்த டாக்டர் கையுறையைப் பார்த்தபடி சொன்னார்: "போன தடவ நான் பாத்தேன், தம்பி. ஒரு சீலு, குட்டியோட. அந்த மேசைக்கு முன்னால போய் நின்னதும் வாய் குழறிட்டு. 'பாத்த மாதிரி இருந்துச்சு'ன்னு சொல்லிட்டேன். மாதிரின்னா செல்லாதாம். இப்ப அங்க துறைமுகம்."

வேறொருவனாக இருந்தால் காலையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டிருப்பான். மருதவாணனுக்கு ஒரு தலைப்புக் கிடைத்துவிட்டது. எழுந்தான். இருவரும் தன் முகத்தை நன்றாகப் பார்க்கும்படி கடலுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"டாக்டரம்மா, நீங்கள் உண்மையைப் பார்த்தீர்கள். ஆனால் உண்மை உங்களைப் பார்த்ததா?"

பேச்சு சூடு பிடித்தது. கஸ்ஸாலி பாய் மெல்ல எழுந்து நின்றார். டாக்டரும் எழுந்தார். பாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். டாக்டரின் கண்கள் நிறைந்து வழிந்தன. புருவங்கள் ஏறி இறங்கி எதையோ கெஞ்சின. மருதவாணனுடைய மேடை வாழ்வில் எழுந்து நின்று கேட்டவர்கள் யாரும் இல்லை. குரலை உச்சத்துக்கு ஏற்றி, "வாய்மையே வெல்லும்" என்று ஓங்கிக் கைதட்டி முடித்தான். பின்னால் தண்ணீர் சளசளத்தது.

"என்ன ஒரு அழகு," என்றார் பாய்.

"நன்றி, பாய்," என்றான் மருதவாணன். பிறகுதான் திரும்பினான்.

மூடுபனி இருந்தது. கூழாங்கற்கள் இருந்தன. அவனுடைய பூட்ஸுக்கு ஒரு முழம் தள்ளி, கற்கள் புதிதாக நனைந்திருந்தன.

படகில் டாக்டர் சிரித்துக்கொண்டே அழுதார். "உங்க காலடி வரைக்கும் வந்துச்சே, தம்பி. திரும்பினப்பவாது பாத்திய தானே?"

"பின்ன?" என்றான் மருதவாணன்.

யோசித்துச் சொல்லவில்லை. அதுவாகவே வாயில் வந்தது.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பார்க்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால் குடா போகும். ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். பேசிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். இந்த இரண்டில் எதற்குப் பயப்படுகிறோம் என்று ஆராய்ந்து பார்த்தான். விடை வருவதுபோல் தெரிந்ததும் ஆராய்வதை விட்டுவிட்டான்.

சாப்பாட்டு மேசையில் டாக்டருக்கு எதிரே போய் உட்கார்ந்தான். பாய் தொழுகைக்குப் போயிருந்தார்.

"எத்தனை எண்ணுனீங்க, டாக்டரம்மா? சும்மா, சரிபாக்கத்தான்."

டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார். அவன் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லாமலே எந்தப் பல் சொத்தை என்று தெரிந்துகொண்ட பார்வை. 'பாதிப் பொய்யன்' என்று காலையில் தான் சொன்னதை அவர் அப்படியே தனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டால் நல்லது என்று மருதவாணன் நினைத்தான். அவர் சொல்லவில்லை. துறைமுகமாகிப்போன அந்தப் பழைய குடாவைக் கண்முன்னால் பார்த்ததுபோல் கண்ணைச் சுருக்கினார்.

"ஏழு," என்றார், ரொம்ப மெதுவாக, எழுதிக்கொள்ளும் வேகத்தில். "வயிறு வெள்ளை. கண்ணச் சுத்தி வெள்ளை வளையம். ஒண்ணுக்கு இடது காலு நொண்டல். அதுதான் உங்க பூட்ஸ எட்டிப் பாத்துச்சு. நீங்க கை தட்டுனதும் எல்லாம் தண்ணியில பாஞ்சிட்டு."

"ஆமா," என்றான் மருதவாணன் தட்டைப் பார்த்தபடி. "சரியாத்தான் இருக்கு."

மறுநாள் ஆணைய அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு. பாய் உள்ளே போயிருந்தார். மேல்தளத்தில் யாரோ உறைநீரில் குதிக்க, மற்றவர்கள் கைதட்டும் சத்தம் கேட்டது. மருதவாணன் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். டாக்டர் ஜெபசீலி பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அவருடைய உதடுகள் அசையவில்லை.

"ஏழு," என்று முணுமுணுத்தான் மருதவாணன், கண்ணை மூடிக்கொண்டு. "வயிறு வெள்ளை. கண்ணைச் சுற்றி வளையம். ஒன்றுக்கு வலது கால் நொண்டல். நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்."

"இடது காலு, தம்பி," என்றார் டாக்டர், கதவைப் பார்த்தபடியே.

மருதவாணன் தலையை ஆட்டிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.