ஆறாவது மூடி

மருந்து வாடை வரவில்லை. அதுதான் முதலில் அவளுக்கு உறுத்தியது. நேற்றுக் காலையில் தக்காளி வரிசைகளுக்கு நடுவே புருஷன் அடித்த களைக்கொல்லி இரண்டு நாளைக்கு மூக்கை விட்டுப் போகாது. தலைமுடியிலும் துவைத்த துணியிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இன்றோ, மேகம் கவிந்த இந்த மத்தியானத்தில், யாரோ தோட்டம் முழுக்க நக்கி வைத்த மாதிரி இருந்தது.

தக்காளி இலைகள் சுருண்டு கிடந்தன. களை மட்டும் கொழுகொழுவென்று இடுப்பளவு நின்றது.

"நாசமாப் போன சனியனே!" என்றாள்.

ஆறு வருஷத்துக்கு முன் மருந்துக்குச் சாகாமல் ஒரே ஒரு செடி நின்றது. பிடுங்கப் போனவளைப் பார்த்துப் புருஷன் சிரித்தான். "ஒத்தச் செடிதானே, விடு. என்ன பண்ணிடப் போகுது?" அது விதை கொட்டியது. மறு வருஷம் சாகாதது ஒரு பாத்தி, அப்புறம் அரைத் தோட்டம். பூச்சிமருந்துக் கடைக்காரர், கையால் களையெடுக்கச் சொன்னாரா? மருந்தை மாற்றச் சொன்னாரா? "தொட்டிக்கு ஒரு மூடி மருந்து கூட ஊத்துங்க" என்றார், அவ்வளவுதான். புருஷனும் வருஷத்துக்கு ஒரு மூடி ஏற்றி ஐந்தில் வந்து நின்றான். முளையில் கிள்ள வேண்டியதைப் பாலூட்டி வளர்த்திருக்கிறோமே என்று அவளுக்கு வயிறெரிந்தது. இந்தத் தக்காளியும் போனால் நிலத்தை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

"ஆறாவது மூடி ஊத்தினீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று காலையில் கத்தியிருந்தாள். மருந்துக் கொட்டகைக்குப் போனவன் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

ஆத்திரத்தில் ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். வேர் முடியவே இல்லை. கொடிக்கயிறு போல மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது, குப்பென்று மருந்து வாடையோடு. அடுத்த செடியை இழுத்தாள். அதன் வேரும் அதே பக்கம்தான் ஓடியது.

கொட்டகைப் பக்கம்.

உள்ளே தெளிப்பானின் கைப்பிடி அடிக்கும் சத்தம். டொக். டொக்.

"ஏங்க! சொல்லச் சொல்லக் கேக்காம கலந்துட்டீங்களா? பட்டாத்தான் புத்தி வருமா உங்களுக்கு?"

டொக். டொக்.

கதவை உதைத்துத் திறந்தாள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முதுகில் தெளிப்பான் தொட்டி. தரை பிளந்திருந்தது. வேர்கள். கணுக்காலில். சட்டைக்குள். கைப்பிடியைப் பிடித்திருந்த கையைச் சுற்றியும். அவைதான் அந்தக் கையைத் தூக்கின. இறக்கின. குழாயின் முனை மண்ணுக்குள் போயிருந்தது.

அவன் கண்கள் அவளைப் பார்த்தன. உயிர் இருந்தது.

"விடு! அவரை விடு!"

அவன் கழுத்தைச் சுற்றியிருந்த வேரைப் பிடித்து இழுத்தாள். தோலும் கூடவே வந்தது. அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பச்சை இலைகள்.

கைப்பிடி நின்றது. தொட்டி காலி.

தரையில் கிடந்த மூடியை ஒரு வேர் மெல்ல நகர்த்தி, அவள் காலடியில் கொண்டுவந்து வைத்தது.