மானசாவின் அளவுச் சட்டை

தொண்ணூற்றைந்தாம் வருடத் தீபாவளிக்கு முன், துடியலூர் சுந்தரராஜுலு துணி எடுத்து வந்தார். பையைப் பிரித்த அவர் மனைவி ரங்கநாயகியின் முகம் வாடிப்போயிற்று.

“ஏனுங்க, ரெண்டு பேருக்கு எடுத்துட்டு வந்துட்டீங்களே!”

மூத்த மகள் லாஸ்யாவுக்கும் அவள் தங்கை மானசாவுக்கும் எப்போதும் ஒரே துணியில்தான் பாவாடை சட்டை. அப்பா பழக்கத்தில் அதே அளவைச் சொல்லிவிட்டார். மானசா காய்ச்சலில் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போன வருடம் துக்கம் என்று தீபாவளியே இல்லை.

அப்பா வெளியே போய்விட்டார். அம்மா துணியைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அழுகையை அடக்க முடியாமல் லாஸ்யா மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள்.

மாடியில் லாஸ்யா வயதுள்ள எலேனா குடியிருந்தாள். அவள் அப்பா, பக்கத்து மில்லில் மெஷின் மாட்டித்தர ஸ்பெயினிலிருந்து வந்தவர். எலேனாவுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. ஆனால் உடுப்பு விஷயத்தில் பெரிய மனுஷி! லாஸ்யாவின் ரிப்பனும் வளையலும் பொருந்தினால், “பேகா!” என்பாள். பொருந்தாவிட்டால், “நோ பேகா நி கோன் கோலா!” என்று மூக்கைச் சுருக்குவாள். பசை தடவினாலும் ஒட்டாதாம்! தபால்காரரின் குடையைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

அன்று அவள் எவ்வளவோ வேடிக்கை காட்டினாள். லாஸ்யா சிரிக்கவில்லை. எதிர் வீட்டு அண்ணனும் தம்பியும் ஒரே துணிச் சட்டையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எலேனா அவர்களைக் காட்டினாள். பிறகு தன்னைக் காட்டி, தனக்கு அப்படி ஜோடியாக உடுத்த யாருமில்லை என்று கையை விரித்தாள்.

லாஸ்யாவுக்குப் பீரோவிலிருந்த துணி நினைவுக்கு வந்தது. ஆனால் அது மானசாவின் துணியாயிற்றே! கொடுக்க மனசே வரவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். உள்ளேயே கிடந்தாலும் மானசா வந்து உடுத்தப் போவதில்லை.

“அம்மா, அந்தத் துணியில எலேனாவுக்குத் தெச்சுக் குடுக்கலாமா?”

அம்மா பீரோவைத் திரும்பிப் பார்த்தாள். “உனக்குச் சங்கடமா இருக்காதா கண்ணு?”

“இருக்கும்மா. ஆனா நான் மட்டும் போட்டுக்கிட்டா இன்னும் அழுகையா வரும்.”

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் துணி தையல்கடைக்குப் போயிற்று.

தீபாவளியன்று காலை, எலேனா புதுத்துணியில் இறங்கி வந்தாள். ஐயோ! சட்டைக் கை பாதியில் நின்றது. முதுகில் கொக்கி மாட்டவே முடியவில்லை.

அம்மா தலையில் கை வைத்தாள். “எல்லாம் நான் பண்ணுன வேலை! எலேனாவோட சட்டையை வாங்கி அளவுக்குக் குடுக்காம, மானசாவோடதைக் குடுத்துப்போட்டேனே!”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலேனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தன் பாவாடையையும் லாஸ்யாவின் பாவாடையையும் சேர்த்துப் பிடித்து, “ஆசென் ஹுவேகோ!” என்று குதித்தாள்.

“என்ன சொல்றா அம்மணி?”

“இந்த வார்த்தை புதுசா இருக்குதும்மா. நாங்க ரெண்டு பேரும் ஜோடின்னு சொல்றாளாட்ட இருக்குது.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள்.

“இங்க வா கண்ணு. உள்ள துணி மடிச்சு உட்டிருக்குது. பிரிச்சுத் தாரேன்.”

மானசாவின் அளவில் ஓடியிருந்த தையலை அவள் பிரிக்கத் தொடங்கினாள். துணி கிழிந்துவிடாமல் லாஸ்யா இருபுறமும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.