முதல் வகுப்பின் பின்கதவு

மட்டாஞ்சேரிப் பாலத்தைத் தாண்டித் துறைமுகத் தீவுக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. ரயில் வருவது நின்றுபோன ஸ்டேஷன். வெள்ளைக்காரர்கள் கப்பலைவிட்டு இறங்கியதும் நேராக வண்டியேறக் கட்டியது. தேக்குக் கூரை, ஆளுயர ஜன்னல்கள், வளைவு வளைவாக நீளும் பிளாட்பாரம். அதை மியூசியமாக்கும் வேலைக்கு நான்தான் வரைபடம் போடுகிறேன்.

முதல் வகுப்புப் பயணிகள் அறையின் குளியலறையில், பின்சுவரில் இடுப்புயரக் கதவு ஒன்று உண்டு. மலவாளி எடுப்பவர்களுக்கானது. துரைகள் கண்ணில் படாமல் அவர்கள் வந்துபோக ஓர் இருட்டுச் சந்து. அவர்கள் நுழைந்ததும் சந்தின் வெளிக்கதவைக் காவல்காரன் பூட்டிவிடுவான். மூன்று தட்டு தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அறையில் இருப்பவர் தாழை நீக்கினால்தான் உள்ளே வரலாம்.

இதைச் சொன்னது லக்ஷ்மி, இங்கே துப்புரவு வேலை செய்பவள். அந்த வேலைக்கென்றே தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பம். அவர்களில் வேலம்மை என்றொருத்தி, ஒரு சித்திரையில், அறையில் ஆளில்லை என்று தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தாளாம். காவல்காரன் மறந்துபோனான். நாலாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் திறந்தார்களாம்.

டூரிஸ்டுகள் அதையெல்லாம் பார்க்க வேண்டாம், நாளைக்கே சுவர் வைத்துவிடலாம் என்றார் காண்ட்ராக்டரின் இஞ்சினியர் ரமேஷ்பாபு. நான் சண்டை போடவில்லை. வரைபடத்தில் அந்தக் கதவை அழித்தேன். லக்ஷ்மி பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுவரின் கனத்தை அளக்க அன்று மதியம் தனியாக அந்தக் கதவு வழியே சந்துக்குள் குனிந்து நுழைந்தேன்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தாழ் விழுந்தது.

போனில் சிக்னல் இல்லை. வெளிக்கதவின் பூட்டு எப்போதோ துருவேறி இறுகிவிட்டது. பினாயில் நெடி. அதற்கடியில் வியர்வை. இத்தனை வருஷம் பூட்டிக்கிடந்த இடத்தில் ஈரம் காயாத வியர்வை. தட்டினேன். கத்தினேன்.

என் தோளருகிலிருந்து இன்னொரு கை தட்டியது.

மூன்று தட்டு. பிறகு மௌனம். மறுபடி மூன்று.

அதில் அவசரமே இல்லை. அந்தப் பொறுமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பயம் முழுக்கக் கோபமாயிற்று. முதலில் துரைகள் மேல், பிறகு ரமேஷ்பாபு மேல், கடைசியில் கதவை அழித்த என் விரல்கள் மேல்.

லக்ஷ்மிதான் வந்து திறந்தாள். எனக்குப் பின்னாலிருந்த இருட்டைப் பார்த்தாள்.

"ரெண்டாள் தட்டினது கேட்டுச்சு, சேச்சி."

"உனக்குமா?"

"எங்களுக்குத் தெனமும் கேக்கும். உங்களுக்குக் கேட்டதுதான் புதுசு."

கதவு இல்லாத வரைபடத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ரமேஷ்பாபுவிடம் சொன்னேன். தாழ்ப்பாளைக் கழற்றிச் சந்துப் பக்கம் வைக்கவும் சொன்னேன்.

"அங்கே நின்னு தாழ் போட யாரு இருக்கா மேடம், பேயா?"

"ஆமா."

சிரித்துக்கொண்டேதான் ஆசாரியைக் கூப்பிட்டார். வேலை முடிந்ததும் கதவைத் திறந்தே வைத்துவிட்டு வந்தோம்.

காலையில் அது சாத்தியிருந்தது. மூன்று பேர் தள்ளியும் அசையவில்லை. சுற்றிப் போய்ப் பார்த்தோம். வெளிப்பூட்டின் துருகூட உதிரவில்லை.

ரமேஷ்பாபு குளியலறைக்குத் திரும்பிக் குனிந்து தட்டினார். மறுபடி தட்டினார்.

அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

திறக்கவில்லை.