முந்திரிக்கொட்டை

மழை விட்டும் தூவானம் விடாத ஒரு பிற்பகலில், பல் டாக்டர் குடையை மடக்கிக்கொண்டு மரச்சாமான் கடையின் பக்கவாட்டுப் படிகளில் ஏறினார். மேல்மாடியில் ஒலிக்கூடம். பழைய படங்களின் சத்தத்தைத் தூசி தட்டிக் கொடுக்கிற இடம். 'செல்போனை வெளியே விடவும், பேச்சையும்தான்' என்று கதவில் யாரோ எழுதி ஒட்டியிருந்தார்கள்.

உள்ளே ஜன்னல் இல்லை. சுவரெங்கும் கறுப்புப் பஞ்சு மெத்தை. கதவு மூடியதும் தெருவின் இரைச்சல் கத்தரித்தாற்போல் நின்றது. சொந்த மூச்சு சொந்தக் காதுக்கே கேட்டது. ஈரக் கம்பளமும் சூடேறிய ஒயரும் கலந்த வாசனை.

"வாங்க டாக்டர்," என்றார் சவுண்டு எஞ்சினியர். ஹெட்போனைக் கழுத்தில் மாலைபோல் போட்டிருந்த நடுத்தர வயதுப் பெண்மணி. "மெதுவா உக்காருங்க, நாற்காலி கத்தும். ஊர்ச் சத்தத்தையெல்லாம் துடைக்கிறேன், இதுக்கு எண்ணெய் போட நேரமில்லை."

"போன்ல ஏதோ குரல்னு சொன்னீங்க."

"அழிக்கச் சொல்லி உங்க பேரவைத் தலைவர் உத்தரவு. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை கேட்டுடணும்னு தோணிச்சு. உங்க வீட்டம்மா குரலாமே."

டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிவிட்டு ஒரு வார்த்தை பேச விடாத தொழில் அவருடையது. அந்த மௌனம் அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் பேச்சுக்கு வேறு ஆள் இருந்தது.

இருந்தது.

கறுப்பு வெள்ளைப் படங்களுக்கென்றே அந்த ஊரில் ஒரு பேரவை உண்டு. அதன் உறுப்பினர்களை ரசிகர்கள் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் ஆய்வாளர்கள். நாயகன் எந்தக் காட்சியில் எந்தக் கையில் கடிகாரம் கட்டியிருந்தான் என்று தெரியாதவனோடு சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெற்ற பிள்ளையின் பிறந்த நாளை மறந்தவர்கூடப் படம் வெளியான நாளை மறக்க மாட்டார். தலைவருக்கு 'இடைவேளை' என்று பட்டப்பெயர். இடைவேளையில் "இரண்டே வார்த்தை" என்று மைக்கைப் பிடிப்பார். விடும்போது வெளியே டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். "நாம் பார்ப்பது படம் அல்ல, தவம்!" என்று தொடங்குவார். நாடு, ஆட்சி, தலைவரின் தலைமுடி எல்லாம் மாறின. அந்த வரி மாறவில்லை.

டாக்டரின் மனைவிக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு. முந்திரிக்கொட்டை.

திரையில் யாராவது வாயெடுப்பதற்கு அரை நொடி முன்னால் அந்த வசனத்தை அவள் சொல்லிவிடுவாள். ரகசியமாகச் சொல்வதாக அவளுக்கு நினைப்பு. அந்த ரகசியம் நாலு வரிசை தாண்டிக் கேட்கும். வீட்டிலும் அதே கதைதான். மாலையில் டாக்டர் கதவைத் திறந்து 'வந்துட்டேன்' என்று சொல்ல வாயெடுப்பார். அதற்குள் உள்ளேயிருந்து, அவருடைய அலுத்துப்போன குரலைக் கேலி செய்தபடி, "வந்துட்டேன்" என்று வரும். பிறகு ஒரு சிரிப்பு.

பேரவை இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது ஒரே ஒரு சொல்லால்.

பேரவையின் குலதெய்வம் என்று சொல்லத்தக்க படம் ஒன்று இருந்தது. அதன் கடைசிக் காட்சியில் பனிமூட்டத்துக்குள் ஒரு படகு நிற்கும். நாயகி திரும்பிப் பார்த்து, "நான் போகிறேன். விளக்கை அணைத்துவிடாதீர்கள்" என்பாள். கொட்டகையே மூக்கை உறிஞ்சும். டாக்டரின் மனைவியோ அரை நொடி முன்னால், "நான் போய் வருகிறேன்" என்பாள். ஒவ்வொரு தடவையும்.

"வசனத்தைத் திருத்த நீங்க யாரும்மா?" என்று தலைவர் ஒருநாள் குமுறினார். "காவியம்மா இது!"

"வீட்டை விட்டுக் கிளம்புறவ 'போறேன்'னு சொல்லுவாளா சார்? 'போயிட்டு வரேன்'னுதானே சொல்லணும்? எழுதினவருக்கு இதைக்கூட வீட்டுல யாரும் சொல்லித் தரலையா?"

"அவ சாகப் போறாம்மா! திரும்பி வரவே மாட்டா!"

"அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவ இன்னும் கடைசி சீன் பாக்கலையே!"

பேரவை அவசரமாகக் கூடியது. 'வசனத்தின்போது உறுப்பினர்கள் வாய் திறக்கலாகாது' என்று தீர்மானம் போட்டது. முதல் ஆளாகக் கைதட்டியவள் அவள்தான். அடுத்த காட்சியிலேயே வாயைத் திறந்தவளும் அவள்தான்.

போன வருஷம் படுத்தாள். தொண்டையில் குழாய் போட்டார்கள். ஊருக்கே முந்திப் பேசியவளுக்குப் பேச்சு நின்றது. ஒருநாள் காலை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று டாக்டர் எழுந்து, "போயிட்டு வரேன்" என்றார். அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. திரும்பி வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினார்.

எதிலும் முந்திக்கொள்பவள் அதிலும் முந்திக்கொண்டாள்.

போட்டோக்கள் ஏராளம் இருந்தன. குரல்தான் எங்கேயும் இல்லை. கல்யாண வீடியோவில்கூட அவள் பேசிய இடத்திலெல்லாம் பாட்டை ஏற்றி மூடியிருந்தார்கள்.

"விஷயம் இதுதான்," என்றார் எஞ்சினியர். "உங்க பேரவை கொடுத்த படத்துல கடைசிச் சுருளோட சத்தம் மட்டும் செத்துப்போச்சு. உங்க செயலாளர் ஒரு காலத்துல சீட்டுக்கு அடியில டேப் வச்சுக் கொட்டகையில பதிவு பண்ணியிருக்கார். அதுலயிருந்துதான் எடுத்து ஒட்டுறேன். டேப் ஒரு தடவை ஓடினதுமே பொடிப்பொடியா உதிர்ந்துடுச்சு. இப்ப இருக்கறது இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான்."

பித்தானை அழுத்தினார்.

இரைச்சல். யாரோ இருமினார்கள். துடுப்பு தண்ணீரில் விழுந்தது.

"நான் போய் வருகிறேன்."

சளி பிடித்த, சிரிப்பை அடக்கிய குரல். காதுக்குப் பக்கத்தில், வலதுபுறம். அவள் எப்போதும் அவருக்கு வலதுபுறம்தான் உட்காருவாள்.

டாக்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி அவருக்காகக் கத்தியது.

"இதை அழிக்காதீங்கம்மா."

"நான் யாரு சார் அழிக்கவும் வைக்கவும்? தலைவர்கிட்டப் பேசுங்க."

பேசினார். தலைவர் போனிலும் மைக்கில் பேசுவது போலத்தான் பேசினார். "டாக்டர், உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா இது கலை. நாளைக்கு வரலாறு நம்மளைக் கேள்வி கேக்கும்."

"வரலாறு எங்கிட்ட என்ன சார் கேக்கப் போகுது? நான் பல்லு பிடுங்குறவன். அவ குரல் இதுல மட்டும்தான் இருக்கு. கொட்டகையில, எல்லாரும் பாக்கும்போது, ஒரே ஒரு தடவை..."

"தனியா ஒரு பிரதி வாங்கி வீட்டுல வச்சுக் கேளுங்க. படத்துல ஒரு இருமல்கூட இருக்கக் கூடாது."

எஞ்சினியர் அந்தப் பகுதியைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். டாக்டர் அதைச் சட்டைப் பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார். பிறகு அவர் கண் முன்னாலேயே அவள் அழிக்கப்பட்டாள். ஒரு சொடுக்குதான்.

மறுபடி ஓட்டினார்கள். துடுப்பு விழுந்தது. அதன்பின் அரை நொடி வெறுமை. "நான் போகிறேன்," என்றாள் நாயகி. பிடுங்கிய பல்லின் இடத்தை நாக்கு தேடுவதுபோல, அவர் காது அந்த வெறுமையையே போய்ப்போய்த் தொட்டது.

"எதுக்கும் முதல் சுருளை ஒரு தடவை பாத்துடறேன்," என்றார் எஞ்சினியர்.

முதல் சுருளில் நாயகி ஜன்னலைத் திறந்து, "மழை வரும் போலிருக்கிறது" என்பாள்.

"மழை வரும் போலிருக்கிறது," என்றது வலதுபுறக் குரல். அரை நொடி கழித்து நாயகி சொன்னாள்.

எஞ்சினியரின் கை நின்றது.

"இது டேப்லயிருந்து எடுத்தது இல்லையே சார். இது ஒரிஜினல் சுருள்."

எல்லாவற்றையும் அணைத்தார். திரை கறுத்தது. ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கும் அவிந்தது. அந்த அறையின் நிசப்தம் கம்பளம்போல் வந்து மேலே விழுந்தது.

"யாரு உள்ள பேசுறது?"

கேட்டது எஞ்சினியர் இல்லை.

அரை நொடி கழித்துத்தான் எஞ்சினியரின் வாய் திறந்தது. "யாரு உள்ள பேசுறது?" கேட்டுவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

டாக்டருக்கு எழுந்து ஓடத் தோன்றவில்லை. இருட்டைப் பார்த்துக் குனிந்தார். கேட்க நினைத்தது ஒரே ஒரு சொல்.

"நீயா?" என்றது ஸ்பீக்கர்.

"நீயா?" என்றார் டாக்டர்.

பதில் வரவில்லை. அடுத்தவர் வாயில் வரப்போவதைத்தான் அவளால் சொல்ல முடிந்தது. தனக்கென்று ஒரு வார்த்தை அவளிடம் இல்லை. அவர் எதைக் கேட்டாலும் அந்தக் கேள்வியே முன்னால் வந்து நிற்கும். அது புரிந்தபோது டாக்டர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எஞ்சினியர் ஹெட்போனைக் கழற்றி, பாம்பை வைப்பதுபோல் மேஜையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து பென் டிரைவைப் போட்டுக் கேட்டார். துடுப்பு. வெறுமை. நாயகி. அவள் அதில் இல்லை. உயிரோடு இருந்தபோதே போட்டோவுக்கு நில் என்றால் நிற்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. புதுப்பித்த பிரதியைப் பார்க்கப் பேரவை திரண்டிருந்தது. நாயகனைப் போலவே மீசை வைத்தவர்கள், மீசை ஒட்டிக்கொண்டு வந்தவர்கள், படத்தை எத்தனை முறை பார்த்தோம் என்பதில் பொய் சொல்கிறவர்கள், அதைக் கண்டுபிடிக்கிறவர்கள். எஞ்சினியர் பிரதியை அனுப்பிவிட்டார். தான் மட்டும் வரவில்லை. டாக்டர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். வலதுபுற நாற்காலியில் யாரோ உட்கார வந்தார்கள்.

"ஆள் வராங்க," என்றார் டாக்டர்.

தலைவர் மேடையேறி மைக்கைத் தட்டினார். மூச்சை இழுத்தார்.

"நாம் பார்ப்பது படம் அல்ல, தவம்!" என்றது கொட்டகையின் ஸ்பீக்கர். பெண் குரல்.

"நாம் பார்ப்பது படம் அல்ல, தவம்!" என்றார் தலைவர்.

கொட்டகை சிரிப்பில் குலுங்கியது. எவளோ குறும்புக்காரி என்று நினைத்தார்கள். தலைவர் முறைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அதற்குள் அந்த வரியும் வந்து போயிற்று. அதற்கடுத்ததும். தலைவருக்குக் கழுத்து வேர்த்தது. பேச்சை விட்டார். வாழ்நாளில் முதல் முறையாக, எழுதி மனப்பாடம் செய்யாத ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றது ஸ்பீக்கர்.

தலைவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

பேரவையின் வரலாற்றிலேயே மிகச் சிறிய உரை அதுதான். உண்மையான உரையும் அதுதான். விளக்குகள் அணைந்தன.

படம் ஓடியது. டாக்டர் ஒவ்வொரு வசனத்துக்கும் அரை நொடி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஜன்னல் திறந்தது, நாயகி மட்டும் பேசினாள். பாட்டு வந்தது, பிரிவு வந்தது. வலதுபுறம் சத்தமே இல்லை. அவர் கையை மெல்ல நகர்த்திப் பக்கத்து நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார்.

சில்லென்று இருந்தது.

பனிமூட்டம். படகு. துடுப்பு தண்ணீரில் விழுந்தது. நாயகி திரும்பினாள். வெறுமைக்காகக் காத்திருந்தார். அவளுக்காகக் காத்திருந்தார்.

"நான் போய் வருகிறேன்," என்றாள் நாயகி. "விளக்கை அணைத்துவிடாதீர்கள்."

நாயகியின் குரல். நாயகியின் உதடுகள். அந்த உதடுகளும் அந்தச் சொல்லுக்கே அசைந்தன.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வசனம் ஒப்பிக்கிற கூட்டம் அது. விளக்கு எரிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாசலுக்கு நகர்ந்தார்கள். தலைவர்தான் முதலில் தேறினார். "அப்பவே சொன்னேனே, 'போய் வருகிறேன்'தான் சரியான பாடம்னு," என்றார் யாரையும் பார்க்காமல். எல்லோரும் அவசர அவசரமாகத் தலையாட்டினார்கள். அதுதான் முதலிலிருந்தே இருந்தது என்று ஒருவர் சத்தியமும் செய்தார்.

டாக்டர் எழுந்திருக்கவில்லை. வழக்கில் அவள் ஜெயித்துவிட்டாள். ஜெயித்த கையோடு போயும்விட்டாள். சொல்லாமல் போனதை நாயகி வாயால் சொல்ல வைத்துவிட்டு, தன் குரலைத் துளிகூட மிச்சம் வைக்காமல் துடைத்து எடுத்துக்கொண்டு. குப்பை கூட்ட வந்தவர், "அண்ணே, படம் முடிஞ்சுருச்சு," என்று தோளைத் தொட்டபிறகுதான் கிளம்பினார்.

வீட்டுத் தெருவில் பளீரென்று வெயில். எதிர்வீட்டில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் போனதிலிருந்து அவர் கதவைத் திறக்கும்போது எதுவும் சொல்வதில்லை. காலி வீட்டுக்கு என்ன தகவல்? இன்றும் சொல்வதாக இல்லை. சாவியை நுழைத்துத் திருப்பினார். கதவு திறந்தது. மூடிக் கிடந்த வீட்டின் வாசனை முகத்தில் அடித்தது. கூடத்தின் கடைசியில், காலையில் அவர் அணைத்துவிட்டுப் போன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வந்துட்டேன்."

கேலி இல்லை. அவர் குரலின் சாயல் இல்லை. சளி பிடித்த, அவளுடைய சொந்தக் குரல்.

அரை நொடி ஆனது. அப்புறமும் ஆனது.

அவர் வாயெடுக்கவே இல்லை.